டர்பன் வானத்திலிருந்து வால்வெள்ளியை அளந்து பாதை கணிப்பது: புதிதாகத் தொடங்குவோருக்கு

2023 ஜனவரி 9 அன்று சீனாவின் ஊதா மலை வானாய்வகம் ஒரு மங்கலான புள்ளியைப் படம்பிடித்தது. தொடர்ந்து யாரும் அதை அளந்து அனுப்பவில்லை. ஜனவரி 30 அன்று, உறுதிசெய்யக் காத்திருக்கும் பொருள்களின் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. பிப்ரவரி 22 அன்று நம் தென்னாப்பிரிக்காவின் வட கேப் மாகாணத்தில், சதர்லாந்தில் இயங்கும் அட்லஸ் தொலைநோக்கி ஒரு புதிய பொருளைக் கண்டது. அதன் பாதையைக் கணித்துப் பின்னோக்கி ஓட்டியபோதுதான் இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. 2024 செப்டம்பர் இறுதியில் விடியலுக்கு முன் கிழக்கே வாலோடு எழுந்த சி/2023 ஏ3 சுச்சின்ஷான்–அட்லஸ் அதுதான்.

ஒரு வால்வெள்ளி கைநழுவிப் போகாமல் இருக்க வேண்டுமானால், அது கண்டுபிடிக்கப்பட்ட பின் வரும் இரவுகளில் யாராவது அதன் இடத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும். அளப்போரில் பெரும்பாலோர் வட அரைக்கோளத்தில் இருக்கிறார்கள். தென்வானில் இறங்கிவிட்ட வால்வெள்ளியை அவர்களால் பார்க்க முடியாது. அந்த வாரங்களில் சாட்ஸ்வர்த்திலோ டோங்காட்டிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ வீட்டுக் கொல்லையில் வைத்த 200 மி.மீ. தொலைநோக்கி தரும் அளவுக்கு உண்மையான மதிப்பு உண்டு. அழகான படம் எடுப்பது வேறு வேலை, அதற்கு வேறு பழக்கங்கள் வேண்டும். இங்கே சொல்லப்போவது அளக்கும் வேலை.

ஓர் அளவு என்பது மூன்று எண்கள்: எந்த நேரத்தில், எந்த வல ஏற்றத்தில், எந்த நடுவரை விலக்கத்தில். பின்னவை இரண்டும் வானத்துக்குரிய நெடுங்கோடு, அகலக்கோடு. கோணத்தை டிகிரி, வில்நிமிடம், வில்நொடி என்று பிரிப்போம். ஒரு டிகிரியில் 3600 வில்நொடி. நம் இலக்கு அரை வில்நொடிக்குள் இருக்கும் அளவு. கொல்லைத் தொலைநோக்கியால் இது முடியும்.

இடமும் பருவமும்

குவாசுலு-நட்டாலில் நவம்பர் முதல் மார்ச் வரை மாலையில் இடிமழை, ஈரம், மேகம். மே முதல் ஆகஸ்ட் வரை வறண்ட, தெளிந்த இரவுகள். தொடங்குவதற்கு இதுதான் காலம். அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்தாறு இரவுகளை ஒதுக்கிவையுங்கள்.

கடற்கரை நகருக்கு ஒரு பெரிய வசதி: கிழக்கே இந்தியப் பெருங்கடல், தடையே இல்லாத தொடுவானம். விடியலில் சூரியனுக்கு அருகில் எழும் வால்வெள்ளிகளை உள்நாட்டு மலைச்சரிவுகளில் இருப்பவர்களைவிட முன்னதாகப் பிடிக்கலாம். இதற்கு விலையும் உண்டு. உப்புக்காற்று கண்ணாடியின் பூச்சை அரிக்கும். கரும்பு வெட்டுக்கு முன் வயலைக் கொளுத்தும் மாதங்களில் வடகரைப் பக்கம் கரித்தூள் மிதந்து வந்து குழாயைத் திறந்துவைத்த தொலைநோக்கிக்குள் விழும். எரிக்கும் நாளில் காற்று உங்கள் பக்கம் வீசினால் மூடி வைத்துவிடுங்கள். விழுந்துவிட்டால் துணியால் துடைக்காதீர்கள். கையடக்க ஊதுபந்தால் ஊதி, மிஞ்சியதைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவுங்கள். பனி படிவதைத் தடுக்க முனையில் சூடேற்றும் பட்டை கட்டாயம்.

டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் வானம் மிக இருண்டது, காற்றும் உலர்ந்தது. அங்கே எடுத்துப்போய் அளப்பதானால் கீழே ‘அனுப்புதல்’ பகுதியில் உள்ள எச்சரிக்கையைப் படித்துவிட்டுப் போங்கள்.

கருவிகள்

150 முதல் 200 மி.மீ. வரை விட்டமுள்ள நியூட்டன் வகைத் தொலைநோக்கி, குவியத்தூரம் 600 முதல் 1000 மி.மீ., பூமியின் சுழற்சியைப் பின்தொடரும் மோட்டார் மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அடித்தாங்கி), குளிரூட்டிய கறுப்பு-வெள்ளை கேமரா, லேப்டாப். வண்ணக் கேமராவும் டிஎஸ்எல்ஆரும் வேலை செய்யும்; ஆனால் ஒளியில் ஒரு பகுதியை இழப்பீர்கள். கையில் பணம் குறைவென்றால் மவுண்டுக்கே முதலில் செலவிடுங்கள். ஆடும் மவுண்டின் மேல் வைத்த நல்ல கேமராவால் பயனில்லை.

ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை வில்நொடியை மூடுகிறது என்று முதலில் கணக்கிட வேண்டும். 206.265ஐ மைக்ரானில் உள்ள பிக்சல் அளவால் பெருக்கி, மில்லிமீட்டரில் உள்ள குவியத்தூரத்தால் வகுக்கவும். 3.76 மைக்ரான் பிக்சல், 800 மி.மீ. குவியத்தூரம் என்றால் 0.97 வில்நொடி. கடற்கரையில் காற்றின் நடுக்கத்தால் ஒரு விண்மீன் புள்ளி சுமார் 3 வில்நொடி அகலம் பரவும் என்று வைத்துக்கொண்டால், அது மூன்று பிக்சலில் விழும். புள்ளியின் மையத்தைக் கண்டுபிடிக்க இது போதும். புள்ளி ஒரே பிக்சலுக்குள் அடங்கினால் மையம் தெரியாது. எட்டுப் பத்து பிக்சலில் பரவினால் மங்கலான வால்வெள்ளி பின்னணி இரைச்சலில் மூழ்கிவிடும்.

லோட்ஷெடிங் என்ற சுழற்சி மின்வெட்டைக் கண்ட நாடு என்பதால் எல்லாவற்றையும் 12 வோல்ட் பேட்டரியிலேயே ஓட்டுவது நல்லது. மவுண்ட், குளிரூட்டி, சூடேற்றும் பட்டை, சிறு கணினி எல்லாம் சேர்ந்து 6 ஆம்பியர் அளவு இழுக்கும். ஆறு மணி நேரத்துக்கு 36 ஆம்பியர்-மணி. 50 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி போதும். மெல்லிய நீளமான கம்பி போட்டால் மின்னழுத்தம் குறைந்து மவுண்ட் திடீரென்று நிற்கும். பழுது மோட்டாரில் என்று நினைத்துக் கழற்றுவதற்கு முன் கம்பியைப் பாருங்கள்.

மவுண்டின் அச்சைத் தென் வான்துருவத்தோடு நேராக்குவதில் வடக்கத்தியருக்குள்ள வசதி நமக்கில்லை. துருவத்துக்கு அருகில் கண்ணுக்குத் தெரியும் விண்மீன் சிக்மா ஆக்டான்டிஸ், அதன் ஒளியளவு 5.4 (எண் கூடக்கூட ஒளி மங்கும்). நகர வெளிச்சத்தில் அது தெரியாது. துருவம் தெற்குத் தொடுவானத்துக்கு மேலே டர்பனில் ஏறக்குறைய 30° உயரத்தில் இருக்கிறது. அந்தச் சாய்வை வைத்துவிட்டு, நீனா போன்ற இலவச மென்பொருளில் மூன்று படங்கள் எடுத்து அச்சைத் திருத்தும் முறையைப் பயன்படுத்துங்கள். துருவமே தெரியாத மாடியிலிருந்தும் அது வேலை செய்யும்.

நேரம்

புதியவர்கள் அனுப்பும் அளவுகளில் அதிகம் கெடுவது நேரம்தான். அதனால் இதை மெதுவாகப் படியுங்கள்.

விண்டோஸ் கணினி தன் கடிகாரத்தைத் தானாகத் திருத்துவது அரிது. அதற்கிடையில் நாளுக்கு ஓரிரு வினாடி நகர்ந்துவிடலாம். இணையம் இருந்தால் இணையம் வழியே கடிகாரத்தைத் திருத்தும் மெயின்பெர்க் என்டிபி மென்பொருளை நிறுவி, தென்னாப்பிரிக்க நேரச் சேவையகங்களைக் கொடுத்து எப்போதும் ஓட விடுங்கள். இணையம் இல்லாத இடத்துக்கு நொடித்துடிப்பு தரும் ஜிபிஎஸ் கருவி வேண்டும். மின்வெட்டு முடிந்து மின்சாரம் வந்தபின் வைஃபை ரூட்டர் எழுந்து கடிகாரம் மறுபடி சீராகச் சில நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் எடுத்த படங்களை ஒதுக்குங்கள்.

அனுப்ப வேண்டிய நேரம் உலகப் பொதுநேரம், அதுவும் எக்ஸ்போஷரின் நடுக்கணம். நம் நேரம் இரண்டு மணி முன்னே இருக்கிறது. இரவு 7:42:10க்குத் தொடங்கிய 60 வினாடிப் படத்தின் நடுக்கணம் 7:42:40, பொதுநேரத்தில் 17:42:40. இதை நாளின் பின்னமாக எழுத 63760 வினாடியை 86400ஆல் வகுக்கவும்: 0.73796. ஐந்து தசம இடம் என்றால் 0.86 வினாடித் துல்லியம்.

நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு முன் எடுத்த படங்களுக்குப் பொதுநேரத் தேதி முந்தைய நாள். இதை மறந்தவர்களின் அளவுகள் சரியாக 24 மணி நேரம் தள்ளி நிற்கும். கேமரா மென்பொருள் படத்தின் தலைப்பில் உள்ளூர் நேரம் எழுதுகிறதா பொதுநேரமா, தொடக்கமா நடுவா என்று ஒருமுறை சோதித்து எழுதி ஒட்டிவையுங்கள்.

கடிகாரத்தைச் சோதிக்க ஓர் உறுதியான வழி உண்டு. பூமிக்கு அருகே விரையும், பாதை நன்கு தெரிந்த சிறுகோள் ஒன்றை அளங்கள். அது நிமிடத்துக்கு 30 வில்நொடி போனால் வினாடிக்கு அரை வில்நொடி. உங்கள் அளவுகள் எல்லாம் அது செல்லும் திசையிலேயே ஒரு வில்நொடி முன்னேயோ பின்னேயோ விழுந்தால் கடிகாரம் 2 வினாடி தவறு. குறுக்குத் திசையில் பிழை இருந்தால் காரணம் வேறு. சாதாரண வால்வெள்ளி நிமிடத்துக்கு ஓரிரு வில்நொடிதான் நகரும் என்பதால் அதில் இந்தத் தவறு வெளியே தெரியாது. அதனால்தான் இந்தச் சோதனை.

எதை அளப்பது

முதல் இரண்டு வாரம் வால்வெள்ளியைத் தொடவே வேண்டாம். எண் பெற்ற, 14 முதல் 16ஆம் ஒளியளவு வரையுள்ள சிறுகோள்களை அளங்கள். அவை கூர்மையான புள்ளிகள், பாதையும் தெரிந்தது. உங்கள் பிழை எவ்வளவு என்று அவை நேராகக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு சிறுகோள் மையமான எம்பிசியின் இணையப் பக்கத்திலோ நாசாவின் ஜெபிஎல் ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் தளத்திலோ உங்கள் இடத்தைக் கொடுத்து அன்றைய வால்வெள்ளிகளின் இடம், வேகம், திசை பற்றிய அட்டவணை எடுங்கள். அதில் போட்டிருக்கும் மொத்த ஒளியளவை அப்படியே நம்ப வேண்டாம். அந்த வெளிச்சம் அகன்ற ஒளிமூட்டம் முழுவதிலும் பரவியிருக்கும். 12 என்று போட்ட ஒன்று, படத்தில் 15ஆம் அளவு விண்மீனைவிட மங்கலாகத் தெரியலாம்.

நம் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டு இன்றும் திரும்பத் திரும்ப வரும் வால்வெள்ளிகள் இருக்கின்றன. 1949இல் ஜோகன்னஸ்பர்க் யூனியன் வானாய்வகத்தில் எர்னஸ்ட் ஜான்சன் கண்ட 48பி, 1944இல் புளூம்ஃபோன்டைன் அருகே பாய்டன் நிலையத்தில் டேனியல் து டாய்ட் கண்ட 66பி ஆகியவை அவற்றில் இரண்டு. அவை வரும் பருவத்தில் பட்டியலில் முதலில் வையுங்கள்.

படம் எடுத்தல்

ஒரே எக்ஸ்போஷருக்குள் வால்வெள்ளி நகரும் தூரம் விண்மீன் புள்ளியின் அகலத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. புள்ளியகலம் 3 வில்நொடி, வால்வெள்ளியின் வேகம் நிமிடத்துக்கு 1.5 வில்நொடி என்றால் 60 வினாடி. வேகம் இரட்டித்தால் 30 வினாடி. மவுண்ட் விண்மீனைத்தான் பின்தொடர வேண்டும். வால்வெள்ளியைப் பின்தொடரச் செய்தால் விண்மீன்கள் கோடுகளாகி, எதை வைத்து அளப்பது என்பதே போய்விடும்.

முப்பது படம் எடுங்கள். பத்துப் பத்தாகப் பிரித்து மூன்று அடுக்கு. ஒவ்வோர் அடுக்கையும் வால்வெள்ளியின் வேகத்துக்கும் திசைக்கும் ஏற்ப நகர்த்திச் சேர்த்தால் மங்கலான தலை மேலெழும்பும். அரை மணி நேரத்தில் மூன்று அளவுகள் கிடைக்கும். வால்வெள்ளி படத்தின் நடுவில் இருக்கட்டும். நியூட்டன் தொலைநோக்கியில் ஓரத்துப் புள்ளிகள் வால் முளைத்தது போல் நீளும். இரவு குளிரக் குளிரக் குவியம் நகரும் என்பதால் ஒரு மணிக்கொருமுறை திருத்துங்கள்.

குளிர்காலத்தில் நமக்கு மட்டுமே வரும் தொல்லை ஒன்று இருக்கிறது. ஜூன், ஜூலையில் தனுசும் விருச்சிகமும் தலைக்கு நேர் மேலே நிற்கும். பால்வெளியின் நடுப்பகுதி அது. அங்கே போகும் வால்வெள்ளியின் தலைக்குள் எப்போதும் ஏதாவது ஒரு விண்மீன் ஒளிந்திருக்கும். அளக்கும் முன் அதே இடத்தின் பழைய வான்வரைபடப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடியில் விண்மீன் இருந்தால் அந்த அடுக்கைக் கைவிட்டு, வால்வெள்ளி அதைக் கடக்கும்வரை காத்திருங்கள்.

படத்திலிருந்து எண்ணுக்கு

அஸ்ட்ரோமெட்ரிகா, டைக்கோ டிராக்கர் ஆகிய இரண்டும் இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டவை. குவியத்தூரம், பிக்சல் அளவு, படம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பவற்றைக் கொடுத்து, விண்மீன் அட்டவணையாகக் கையாவைத் தேர்ந்தெடுங்கள். படத்திலுள்ள விண்மீன்களை அட்டவணையோடு பொருத்தி, ஒவ்வொரு பிக்சலுக்கும் வானத்தில் எந்த இடம் என்று மென்பொருள் கண்டுகொள்ளும்.

விண்மீன்களைப் படமெடுத்து அட்டவணை போடும் வழக்கம் வேரூன்றியதில் கேப் டவுனுக்கும் ஒரு வால்வெள்ளிக்கும் பங்குண்டு. 1882இன் மாபெரும் வால்வெள்ளியைக் கேப் அரச வானாய்வகத்தில் டேவிட் கில் படமெடுக்கச் செய்தபோது, பின்னணியில் எண்ணற்ற விண்மீன்கள் பதிந்திருந்தன. அதைக் கண்டு அவர் தொடங்கிய பணியும் குரோனிங்கனில் காப்டைன் செய்த அளவீடும் சேர்ந்து 4,54,875 தென்வான விண்மீன்களின் அட்டவணையாயிற்று.

பொருத்தம் முடிந்ததும் சராசரிப் பிழையைப் பாருங்கள். 0.1 முதல் 0.2 வில்நொடி என்றால் நல்லது. 0.5 வந்தால் நில்லுங்கள். குவியம் விலகியிருக்கலாம், கேமரா சாய்ந்திருக்கலாம், பொருந்திய விண்மீன்கள் மிகக் குறைவாக இருக்கலாம். அந்தப் படத்தில் வால்வெள்ளியை அளப்பதில் பொருளில்லை.

இனி வால்வெள்ளியின் மையம். நாம் கணிக்க விரும்புவது கருவின் பாதை. கருவோ சில கிலோமீட்டர் அளவுள்ள பனிக்கட்டி, அது நமக்குத் தெரிவதே இல்லை. தெரிவது சுற்றியுள்ள ஒளிமூட்டம். அது வால் பக்கம் நீண்டிருக்கும். அளக்கும் வட்டத்தைப் பெரிதாக வைத்தால் மென்பொருள் கண்டுபிடிக்கும் மையம் வாலை நோக்கி, அதாவது சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக நழுவும். இதைச் சோதிக்க ஒரே அடுக்கை 3, 4, 6 பிக்சல் ஆரத்தில் மூன்று முறை அளங்கள். மூன்றும் 0.2 வில்நொடிக்குள் ஒத்துப்போனால் எதையும் எடுக்கலாம். ஆரம் கூடக்கூட இடம் ஒரே பக்கம் நகர்ந்தால் சிறிய ஆரத்தையே எடுங்கள், அதற்கேற்பத் துல்லியத்தையும் குறைத்துக் குறிப்பிடுங்கள். மென்பொருள் மையம் காண மறுத்தால் மிகப் பிரகாசமான பிக்சலைக் கையால் சொடுக்கலாம். ஆனால் எதிர்பார்த்த இடத்தின் குறியைத் திரையில் வைத்துக்கொண்டு சொடுக்காதீர்கள். கை தானாக அந்தக் குறியை நோக்கிப் போகும்.

அனுப்புதல்

அளவுகள் எம்பிசிக்குப் போகின்றன. உங்கள் இடத்துக்கு ஒரு நிலையக் குறியீடு வேண்டும். எண் பெற்ற சில சிறுகோள்களைக் குறைந்தது இரண்டு இரவுகளில் அளந்து, இடத்தின் நெடுங்கோடு, அகலக்கோடு, உயரம், தொலைநோக்கி விவரத்தோடு அனுப்பினால் அவற்றைச் சரிபார்த்துக் குறியீடு தருவார்கள். முன்பு செய்த சிறுகோள் பயிற்சி இங்கே பயன்படும். குறியீடு இடத்துக்கு உரியது. டிராக்கன்ஸ்பர்க்கில் எடுத்த அளவை டர்பன் குறியீட்டில் அனுப்பக்கூடாது. பயணத்தில் அளப்பவருக்கு 247 என்ற குறியீடு இருக்கிறது. அதோடு அன்றைய இடத்தின் ஆயங்களையும் சேர்க்க வேண்டும்.

ஓர் இரவுக்கு ஒரு பொருளுக்கு மூன்று முதல் ஐந்து அளவு போதும். அடுத்த இரவும் அதற்கடுத்த இரவும் அளப்பதே அதிகப் பயன் தரும். ஐயமுள்ள அளவை அனுப்பாமல் விடுவது குற்றமில்லை. 1922 முதல் இயங்கும் தென்னாப்பிரிக்க வானியல் சங்கத்துக்கு டர்பனிலும் கிளை உண்டு. முதல் அறிக்கையை அனுப்பும் முன் அனுபவமுள்ள ஒருவர் கண்ணில் காட்டிவிடுங்கள்.

பாதையைக் கணித்தல்

சூரியனைச் சுற்றும் ஒரு பாதையை ஆறு எண்கள் முழுமையாகச் சொல்லிவிடும். வால்வெள்ளிக்கு அவை: சூரியனுக்கு மிக அருகே வரும் நேரம், அப்போதுள்ள தூரம், மையத்தொலைத் தகவு (வட்டத்துக்கு 0, பரவளையத்துக்கு 1), பாதைத் தளத்தின் சாய்வு, ஏறுகணுவின் (பூமியின் பாதைத் தளத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கும் புள்ளியின்) நெடுங்கோடு, அந்தக் கணுவிலிருந்து சூரிய அண்மைப்புள்ளி வரையுள்ள கோணம். ஓர் அளவு இரண்டு கோணம் தருகிறது. மூன்று அளவு ஆறு தரும். 1801இல் சிறுகோள் சீரீஸ் கைநழுவியபோது கணிதவியலாளர் காஸ் செய்து காட்டியது இதைத்தான்.

ஆனால் மூன்று அளவையும் ஒரே இரவின் அரை மணிக்குள் எடுத்தால் நமக்குத் தெரிவது திசையும் அது மாறும் வேகமும் மட்டுமே, அதாவது நான்கு எண்கள். தூரம் தெரியாது. பாதையின் வளைவு தெரிய நாள்கள் வேண்டும். ஐந்து முதல் பத்து நாள் இடைவெளியில் மூன்று இரவுகள் என்பது நல்ல தொடக்கம்.

மென்பொருளிடம் போகுமுன் ஒருமுறை விரிதாளிலோ பைத்தானிலோ காஸ் முறையைத் தானே செய்து பார்ப்பவருக்குப் பிறகு எந்தப் பிழையும் புரியும். செய்யும் ஒழுங்கு இது.

முதலில் கோணங்களைத் திசை வெக்டராக்குங்கள். வல ஏற்றம் 14 மணி 20 நிமிடம் 30 வினாடி என்றால் மணியாக்கி 15ஆல் பெருக்க 215.125°. நடுவரை விலக்கம் −29° 45′ என்றால் −29.75°. இந்த இடத்தில் தென்வானத்தாருக்கு ஒரு பொறி: −29உடன் 0.75ஐக் கூட்டினால் −28.25 ஆகி ஒன்றரை டிகிரி தவறும். குறி முழு எண்ணுக்கும் சேர்ந்தது. −0° 12′ போன்றவற்றில் விரிதாள் குறியையே விழுங்கிவிடும். விலக்கத்தின் கொசைனை ஏற்றத்தின் கொசைனால் பெருக்க முதல் கூறு −0.7101, ஏற்றத்தின் சைனால் பெருக்க இரண்டாவது −0.4995, விலக்கத்தின் சைன் மூன்றாவது, −0.4962. மூன்றின் வர்க்கங்களும் சேர்ந்து 1 வர வேண்டும்.

அடுத்து, அந்தந்த நேரத்தில் சூரியனிலிருந்து நீங்கள் இருக்கும் இடத்துக்குள்ள வெக்டரை ஹொரைசன்ஸிலிருந்து எடுங்கள். அது இயல்பாகச் சூரியவீதித் தளத்தில், அதாவது பூமியின் பாதைத் தளத்தில் எண் தரும். 2000ஆம் ஆண்டு வான நடுவரைத் தளத்துக்கு மாற்றிக் கேளுங்கள். திசையையும் சரிபாருங்கள்: மார்ச் 20ஐ ஒட்டி முதல் கூறு −1க்கு அருகில் வர வேண்டும். +1 வந்தால் நீங்கள் எடுத்திருப்பது பூமியிலிருந்து சூரியனுக்குப் போகும் வெக்டர்.

மூன்றாவதுதான் முறையின் உயிர். வால்வெள்ளியின் மூன்று நிலைகளும் சூரியனும் ஒரே தளத்தில் இருக்கின்றன. ஆகவே நடு நிலையை முதலாவதும் மூன்றாவதும் கலந்த கலவையாக எழுதலாம். அந்தக் கலவையின் விகிதம் ஏறக்குறைய கால இடைவெளிகளின் விகிதமே. சூரியனிலிருந்துள்ள தூரத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்து ஒரு சிறு திருத்தம் சேரும். எல்லாவற்றையும் பொருத்தினால் நடு நிலையின் தூரத்துக்கு எட்டாம் படிச் சமன்பாடு ஒன்று வரும். நியூட்டன் முறையில் தீர்க்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட மிகை விடைகள் வரக்கூடும். வால்வெள்ளியை உங்கள் தலைமேலேயே, அதாவது பூமியின் தூரத்திலேயே வைக்கும் விடை போலி. தொலைநோக்கிக்குப் பின்பக்கம் வைக்கும் விடையும் போலி. மூன்று திசை வெக்டர்களும் தாங்களே ஒரு தளத்தில் விழுந்துவிட்டால் வகுக்கும் எண் பூச்சியத்தை நெருங்கி எல்லாம் சிதறும். பாதை சூரியவீதியை ஒட்டிப் போகும்போது இது நேரும். அப்போது இன்னொரு இரவின் அளவைச் சேர்த்து நான்கு அளவுக்கான முறைக்கு மாற வேண்டும்.

தூரம் தெரிந்ததும் ஒளி வந்த நேரத்தைக் கழியுங்கள். ஒரு வானியல் அலகுக்கு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம்) 499 வினாடி, 1.4 அலகு தூரத்தில் 11.6 நிமிடம். திருத்திய நேரத்தோடு கணக்கைத் திரும்பச் செய்யுங்கள். எண்கள் ஆடாமல் நிற்கும்வரை நாலைந்து சுற்று போகும்.

நடு நிலையின் இடமும் வேகமும் கிடைத்தால் மீதி எளிது. இரண்டையும் 23.4393° சுழற்றிச் சூரியவீதித் தளத்துக்குக் கொண்டுவந்து ஆறு உறுப்புகளையும் எடுக்கலாம். இந்தக் கணக்கில் சூரியனின் ஈர்ப்பைக் குறிக்கும் காஸ் மாறிலி 0.01720209895. சரிபார்க்க ஓர் எண்: சூரியனிலிருந்து 1 அலகு தூரத்தில் பரவளையப் பாதையில் போகும் பொருளின் வேகம் நாளுக்கு 0.02433 அலகு, அதாவது நொடிக்கு 42.1 கி.மீ. நீண்டகால வால்வெள்ளிகளின் வேகம் அந்தந்தத் தூரத்தின் பரவளைய வேகத்தை ஒட்டியே இருக்கும். உங்கள் விடையில் மையத்தொலைத் தகவு 1.3 என்று வந்தால் வேற்று விண்மீனிலிருந்து வந்த விருந்தாளி என்று துள்ள வேண்டாம். அப்படி 2019இல் வந்த போரிசோவ் வால்வெள்ளியின் தகவு 3.36. சில நாள் அளவில் வரும் 1.3 பெரும்பாலும் அளவுப்பிழைதான். கோணங்களுக்கு, கால்வட்டம் அறியும் இரட்டை உள்ளீட்டு ஆர்க்டேன் சார்பையே பயன்படுத்துங்கள்; இல்லாவிட்டால் கணு 180° புரண்டு நிற்கும்.

மூன்றுக்கு மேற்பட்ட அளவுகள் சேர்ந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்த ஃபைண்ட் ஆர்ப் என்ற இலவச மென்பொருள் போதும். கோப்பைத் திறந்தால் அது தானே ஒரு தொடக்கப் பாதை காணும். ‘முழுப் படி’ பொத்தானை, எச்சப்பிழைகள் (அளந்த இடத்துக்கும் கணித்த இடத்துக்கும் உள்ள வேறுபாடுகள்) மாறாமல் நிற்கும்வரை அழுத்துங்கள். அளவுகள் இரண்டு வாரத்துக்கும் குறைவாக இருந்தால் மையத்தொலைத் தகவை 1 என்று கட்டிவையுங்கள். ஆறு தெரியாதவை ஐந்தாகி விடை நிலைபெறும். சில வாரங்கள் ஆனதும் அந்தக் கட்டை அவிழ்த்து, வியாழன், சனி முதலிய கோள்களின் ஈர்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எச்சப்பிழைகளைப் படிக்கப் பழகுவது இந்தக் கலையில் பாதி. கூட்டலும் கழித்தலுமாகச் சிதறிக் கிடந்தால் நலம். ஓர் இரவின் பிழைகள் மட்டும் நகரும் திசையிலேயே ஒரு பக்கம் சாய்ந்தால் அன்றைய கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். எல்லா இரவிலும் வால் பக்கம் சாய்ந்தால் மையம் எடுத்த ஆரத்தைப் பாருங்கள். பிடிக்காத அளவை நீக்கிக்கொண்டே போனால் எந்தத் தவறான பாதையும் அழகாகப் பொருந்திவிடும். அதனால் ஓர் அளவை நீக்குமுன் படத்துக்குத் திரும்பிப் போய்க் காரணம் தேடுங்கள்.

பல மாத அளவுகள் சேர்ந்தபின், சூரியனை நெருங்கும்போது எச்சப்பிழைகள் மெல்ல மெல்ல ஒரே பக்கம் விலகினால் அது கருவின் வேலையாக இருக்கலாம். பனி ஆவியாகிப் பீறிடும்போது கருவை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இதற்கென்று மார்ஸ்டன் முதலியோர் 1973இல் அமைத்த கூடுதல் மாறிகள் மென்பொருளில் உண்டு. அவற்றைச் சில வார அளவுகளுக்கு இயக்கினால் உங்கள் அளவுப்பிழையையே வால்வெள்ளியின் தள்ளுவிசை என்று காட்டும்.

சூரியனைச் சுற்றிவிட்டு வால்வெள்ளி விடியல் ஒளியிலிருந்து வெளியே வரும் முதல் நாள்களில் அட்டவணை சொன்ன இடத்தில் அது இல்லாமல் போகலாம். அகன்ற புலத்தில், 10 வினாடிப் படங்களாக, அட்டவணை சொன்ன பாதைக் கோட்டின் முன்னும் பின்னும் தேடுங்கள். விலகல் பெரும்பாலும் அந்தக் கோட்டோடுதான் இருக்கும். 15° உயரத்திலும் அளக்கலாம், துல்லியத்தை ஒரு வில்நொடி என்று குறித்து அன்று காலையே அனுப்பிவிடுங்கள். வடக்கே உள்ளவர்களுக்கு அது தெரிய இன்னும் வாரங்கள் ஆகலாம்.